நோய்க்கு முன்னால் வேருக்குப் போக வேண்டியது

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி, மிளகாய், கத்தரி, கோஸ் நாற்று வளர்த்து விற்பது என் தொழில். இதற்கு முன் கோவையில் ஓர் உற்பத்திக் கூடத்தில் சூடோமோனாஸ் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். அதனால் இந்தப் பாக்டீரியாவைக் குடுவையில் பெருகும்போதும் பார்த்திருக்கிறேன், வேரில் போய் ஒட்டும்போதும் பார்த்திருக்கிறேன். நடுவில் எங்கெங்கே சாகிறது என்பதும் தெரியும். "சூடோமோனாஸ் போட்டுப் பாத்தேம்மா, ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே நாற்று வாங்க வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வது உண்மைதான், கேட்டிருக்காது. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே உள்ளே இருந்தது வெறும் வெள்ளை மாவாக இருந்திருக்கும். அப்படி இல்லையென்றால், செடி வாடத் தொடங்கிய பிறகு ஊற்றியிருப்பார்கள். பாக்டீரியாவின் மேல் தப்பில்லாமலேயே அதற்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் நம் தோட்டத்து மண்ணில் தானாகவே வாழும் ஓர் உயிர். வேர் வளரும்போது அதன் நுனியைச் சுற்றிச் சர்க்கரையும் அமிலங்களும் கசிகின்றன. அதைத் தின்ன நல்லதும் கெட்டதுமாகக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே கூடுகின்றன. அந்தக் கூட்டத்தில் சில வகை சூடோமோனாஸ்கள் வெகு வேகமாகப் பெருகி வேரின் மேற்பரப்பில் இடம் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரும் நோய்ப் பூஞ்சைக்கு இடமும் குறையும், இரையும் குறையும். சில வகைகள் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் சுரக்கும். அப்படிப்பட்ட வகைகளை மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, பெருக்கி, நமக்கு வேண்டிய நாளில் வேண்டிய வேரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த வேலை முழுதும்.

கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை தட்டுப் பார்ப்பது. எலிசபெத் கிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1954-இல் வெளியிட்ட ஊட்டக் கலவை ஒன்று உண்டு. 'கிங்ஸ் பி' என்று உலகம் முழுக்கச் சொல்வார்கள். பெப்டோன், கிளிசரால், கொஞ்சம் பொட்டாசியம் பாஸ்பேட், கொஞ்சம் மெக்னீசியம் சல்பேட், உறைய வைக்க அகர். இந்தத் தட்டில் சூடோமோனாஸைக் கோடாக இழுத்து இரண்டு நாள் வைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், இழுத்த கோடு முழுக்கப் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். தட்டில் ஒளிராத புள்ளி ஒன்று தெரிந்தால் வேறு ஏதோ உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் குடுவை முழுவதையும் கொதிக்க வைத்துக் கொட்டிவிட வேண்டியதுதான். எத்தனை லிட்டர் என்று கணக்குப் பார்க்கக் கூடாது.

அந்த ஒளி வெறும் வேடிக்கை இல்லை. கிங்ஸ் பி-யில் இரும்புச் சத்து குறைவு. இரும்பு இல்லாமல் எந்த உயிரும் பெருக முடியாது என்பதால் சூடோமோனாஸ் ஒரு பொருளைச் சுரந்து, சுற்றுப்புறத்தில் உள்ள சொற்ப இரும்பையும் பிடித்துத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. ஒளிர்வது அந்தப் பொருள்தான். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்கலாம். மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். ஆனால் அதில் பெரும்பங்கு நீரில் கரையாத வடிவில் கிடக்கிறது. நுண்ணுயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. கரைந்த இரும்புக்கு மண்ணுக்குள் பெரிய போட்டி. அந்தப் போட்டியில் சூடோமோனாஸ் முந்திக்கொண்டால் நோய்ப் பூஞ்சை பட்டினி கிடக்கும். 1980-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் குளோப்பர், ஷ்ரோத் உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். அதைப் படித்தபின் தட்டில் தெரிந்த ஒளியை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன்.

குடுவையில் வளர்ந்ததை அப்படியே விவசாயி கையில் கொடுக்க முடியாது. நம் நாட்டில் இதற்கு நல்ல வழி காட்டியது கோவை வேளாண் பல்கலைக்கழகம். அங்கே வித்யாசேகரனும் முத்தமிழனும் கொண்டைக்கடலை வாடல் நோய்க்காக டால்க் தூளில் சூடோமோனாஸை ஏற்றி வைக்கும் முறையை 1995-இல் வெளியிட்டார்கள். இன்று கடையில் கிடைக்கும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். ஒரு கிலோ டால்க்குக்கு 15 கிராம் கால்சியம் கார்பனேட் சேர்த்துக் கார அமில நிலையைச் சமன் செய்ய வேண்டும். தூள் விதையில் ஒட்டுவதற்காக 10 கிராம் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். இந்தக் கலவையை இரண்டு நாள் அடுத்தடுத்து நீராவியில் கிருமி நீக்க வேண்டும். பிறகு 48 மணி நேரம் வளர்ந்த திரவத்தில் 400 மில்லி ஊற்றிப் பிசைந்து, நிழலில் உலர்த்திப் பொட்டலம் கட்ட வேண்டும்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. கஷ்டம் எல்லாம் அந்த உலர்த்தலில். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அதற்காக மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து மொறுமொறுவென்று காயவிட்டால் பாக்டீரியா செத்துப்போகும். ஈரத்தோடு கட்டினால் ஒரு மாதத்தில் பொட்டலத்துக்குள் வேறு எதுவோ வளர்ந்து கட்டி தட்டும். தட்டில் பரப்பிய தூளைக் கையால் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உடனே உதிர வேண்டும். விரல் ரேகையில் லேசான குளிர்ச்சி தங்க வேண்டும். கருவி காட்டும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே மூத்த பணியாளர்கள் இதைக் கையால் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லி நான் கற்றுக்கொண்ட பாடங்களில் இதுவே பெரியது.

சூடோமோனாஸுக்கு ஒரு குறை உண்டு. பேசில்லஸ் இனத்துப் பாக்டீரியாக்கள் கஷ்ட காலத்தில் கெட்டியான உறையோடு வித்தாக மாறி உறங்கும்; வறட்சியையும் சூட்டையும் தாங்கும். பேசில்லஸ் சப்டிலிஸ் நீண்ட நாள் கெடாமல் இருப்பது அதனால்தான். சூடோமோனாஸுக்கு அந்த வசதி கிடையாது. பொட்டலத்துக்குள் அது உயிரோடு, அரைப்பட்டினியாகக் காத்திருக்கிறது. நாளாக நாளாக எண்ணிக்கை குறையும். வெயில் பட்டால் மளமளவென்று குறையும். கட்டும்போது ஒரு கிராமில் பத்துக் கோடிக்கு மேல் உயிரணு வைத்து அனுப்பினோம். அந்தக் கணக்கு கடை அலமாரியில் எவ்வளவு ஆகும் என்பது அந்தக் கடையின் கூரையைப் பொறுத்தது.

நாற்றுப் பண்ணை தொடங்கிய புதிதில், பக்கத்தில் ஒரு கடையில் சூடோமோனாஸ் கேட்டேன். தகரக் கூரைக்குக் கீழே மேல் தட்டில், களைக்கொல்லி டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார்கள். சித்திரை மாதம். பொட்டலத்தைத் தொட்டாலே சூடு தெரிந்தது. காலாவதித் தேதி இன்னும் வரவில்லை, ரசீதும் ஒழுங்காகப் போட்டார்கள். அதில் கொஞ்சத்தை எனக்குத் தெரிந்த ஆய்வகத்தில் தட்டில் போட்டுப் பார்த்தபோது இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் முளைத்தது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பூச்சிக்கொல்லியோடு பூச்சிக்கொல்லியாக அடுக்கி வைக்கத்தான் அவருக்குப் பழக்கம். உயிருள்ள சரக்கை எப்படி வைப்பது என்று அவருக்கு யாரும் வந்து சொல்லிக்கொடுத்ததில்லை.

வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது சிலவே. உயிரியல் மருந்துகளும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. ஃபரிதாபாத்தில் உள்ள மத்தியப் பதிவுக் குழுவின் பதிவு எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். தயாரித்த தேதி, ஒரு கிராமில் எத்தனை உயிரணு என்ற கணக்கு இரண்டும் அச்சாகியிருக்க வேண்டும். காலாவதித் தேதியைவிடத் தயாரித்த தேதியை நான் முக்கியமாகப் பார்ப்பேன். டால்க் தூளாக இருந்தால் தயாரித்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது என் வழக்கம். முடிந்தால் தயாரிப்பாளரிடமோ வேளாண் பல்கலைக்கழகத்திலோ நேரடியாக வாங்குங்கள். வாங்கியதை வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து நடுப்பகல் வெயிலில் ஊருக்குக் கொண்டு போகாதீர்கள்.

இனி நாற்றங்கால். மண் பாத்தியில் நாற்று விட்ட காலத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விடிந்து பார்த்தால் பாத்தியில் வட்ட வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். இப்போது 98 குழித் தட்டுக்கு வந்துவிட்டோம். மண்ணுக்குப் பதிலாகப் பதப்படுத்திய தென்னைநார்க் கழிவு. எங்கள் பக்கம் மஞ்சி என்போம். குழிக்கு ஒரு விதை. நோய் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. நாற்றழுகலுக்குக் காரணமான பித்தியத்தைப் பூஞ்சை என்று சொல்லியே பழகிவிட்டோம். அறிவியல் வகைப்பாட்டில் அது உண்மையான பூஞ்சைகளோடு சேராது, பழுப்புப் பாசிகளுக்குத்தான் சொந்தம். அதன் வித்துகளுக்குத் தண்ணீரில் நீந்த வால் உண்டு. அது ஏன் ஈரத்தைத் தேடிப் போகிறது என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

நாற்றழுகல் தாக்கிய செடியைக் குனிந்து பாருங்கள். இரண்டு வித்திலையும் பச்சையாக, நல்ல ஆரோக்கியமாகவே இருக்கும். மஞ்சியைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு வெந்த கீரைத்தண்டாகக் கண்ணாடித் தன்மையோடு மெலிந்திருக்கும். மெதுவாகத் தொட்டால் அந்த இடத்திலேயே மடிந்து விழும். அதற்குள் வேர் போயிருக்கும். இதற்குமேல் எந்த மருந்தும் அந்தச் செடியை நிமிர்த்தாது. முளைத்து மேலே வராமல் குழிக்குள்ளேயே அழுகிப்போன விதைகளும் இதே நோயால்தான். "வித சரியில்ல" என்று விதைக் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஆகவே பித்தியம் வருவதற்கு முன்பே வேர் வரும் வழியில் சூடோமோனாஸ் இருக்க வேண்டும். விதை வெடித்து முதல் வேர் வெளியே நீட்டும் அந்த ஓரிரு நாள்தான் முக்கியம். விதையை வாங்கி நாமே நேர்த்தி செய்வதாக இருந்தால் கிலோவுக்கு 10 கிராம் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஆனால் இன்று நான் போடும் வீரிய விதைகள் பெரும்பாலும் நிறப் பூச்சோடு வருகின்றன. மேலே என்ன மருந்து பூசியிருக்கிறார்கள் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். அந்த விதையின் மேல் சூடோமோனாஸைப் பூசுவதில்லை. நேராக மஞ்சியில் சேர்க்கிறேன். ஒரு தட்டு நிரப்பச் சுமார் 1.2 கிலோ மஞ்சி பிடிக்கும். கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் தூளைக் கலந்து, கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது என்ற பதத்தில் ஒரு நாள் நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி வைக்கிறோம். மறுநாள் தட்டில் நிரப்புகிறோம். கலக்கும் பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பு. பாக்டீரியா ஒன்றும் செய்யாது. டால்க் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடுவோம். முளை தெரிந்ததும் நிழல்வலைக் குடிலுக்குள் பரப்புவோம். இரண்டாவது இலை வரும் சமயத்தில் ஒரு முறை, நாற்று வண்டி ஏறுவதற்குச் சில நாள் முன்பு ஒரு முறை, லிட்டருக்கு 10 கிராம் கரைத்துத் தெளியவிட்டுப் பூவாளியால் ஊற்றுகிறோம். எப்போதும் மாலையில்தான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைக் கொல்லும். தண்ணீரும் முக்கியம். ஊராட்சிக் குழாயில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் கரைத்தால் பூவாளிக்குள்ளேயே கதை முடிந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் நல்லது. வேறு வழியில்லை என்றால் குழாய்த் தண்ணீரைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு மஞ்சி சொதசொதவென்று இருக்கும்படி தண்ணீர் விட்டால் பித்தியம்தான் ஜெயிக்கும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. மேகமூட்டமான நாளில் ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்தும் துணிவு நாற்றங்கால்காரருக்கு வேண்டும். தட்டைத் தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரியும். என்னிடம் வேலை செய்யும் அக்கா ஒருவர், தட்டின் ஒரு முனையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு "இன்னிக்கு வேணாம்" என்பார். அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. பாக்டீரியா பாதி வேலை செய்கிறது என்றால் மீதிப் பாதி அவர் கையில்தான் நடக்கிறது.

ஒரு பெரியவர் நாற்று எடுக்க வந்தபோது கேட்டார்: "ஏம்மா, நீ வேருல ஊத்துற. நோவு எலையில வருது. அது எப்டிம்மா கேக்கும்?" நல்ல கேள்வி. ஆராய்ச்சி செய்தவர்களையும் இதே கேள்விதான் வெகு நாள் குழப்பியது. 1991-இல் மூன்று குழுவினர் தனித்தனியாக விடை சொன்னார்கள். அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் குளோப்பர் குழுவினர் வெள்ளரி விதையில் நல்ல பாக்டீரியாவை ஏற்றி, முளைத்த செடியின் இலையில் இலைப்புள்ளி நோய்ப் பூஞ்சையை வைத்தார்கள். பாக்டீரியா வேரில், நோய் இலையில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அப்படியும் இலையில் புள்ளிகள் குறைந்தன. வேரில் வந்து ஒட்டிய பாக்டீரியாவை உணர்ந்த செடி, தன் உடல் முழுவதும் காப்புக்குத் தயாராகிவிடுகிறது. நோய்க்கிருமி வந்து இறங்கும்போது இலை மெத்தனமாக இல்லாமல் வேகமாக எதிர்க்கிறது. பெரியவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப செடிக்குத்தான் நாம சொல்லி வெக்கிறோம்" என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்ல வராது.

ஆனால் செடியின் காப்புக்கும் எல்லை உண்டு. இலைக்கருகலும் மிளகாய்ப் பழ அழுகலும் குறையும், தள்ளிப்போகும், முற்றாக நிற்காது. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸுக்கு சூடோமோனாஸை நம்பி வலையை விட்டுவிடாதீர்கள். அதற்கு நாற்றங்காலைச் சுற்றிப் பூச்சி வலைதான் முதல் மருந்து. எல்லா நோய்க்கும் இது கேட்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள்தான் இந்தப் பாக்டீரியாவின் பெயரைக் கெடுக்கிறார்கள்.

அதிகம் மனம் நோவது பாக்டீரியா வாடலில்தான். தக்காளி காய் பிடிக்கும் நேரத்தில் செடி பச்சையாகவே தொங்கும். காலையில் நிமிரும், மதியம் தொங்கும், மூன்றாம் நாள் எழாது. ஃபியூசேரியம் பூஞ்சை வாடல் என்றால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இதில் மஞ்சள் வராது. சந்தேகம் இருந்தால் செடியின் தூரிலிருந்து ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் படும்படி பிடியுங்கள். அசைக்காமல் சில நிமிடம் காத்திருந்தால் வெட்டுவாயிலிருந்து வெண்மையான இழை ஒன்று மெல்லக் கீழே இறங்கும். அது ரால்ஸ்டோனியா, செடியின் தண்ணீர்க் குழாய்களையே அடைத்துக்கொண்டிருந்த கிருமி. பூஞ்சை வாடலில் இந்த இழை வராது. வயலிலேயே, காசு செலவில்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையை ஒவ்வொரு தக்காளி விவசாயியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என்னிடம் நாற்று வாங்காத ஒருவர் தோட்டத்துக்கு ஒரு முறை கூப்பிட்டார். போனபோது வாடிய செடிகளின் தூரில் சூடோமோனாஸ் கரைசலைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார். "அண்ணா, இது இப்ப பிரயோஜனப்படாது. வாடுனத வேரோட புடுங்கி வெளியில போட்டு எரிங்க, அந்தப் பாத்தித் தண்ணி அடுத்த பாத்திக்குப் போகாம பாத்துக்கங்க" என்றேன். தண்டுக்குள் அடைத்துக்கொண்ட கிருமியை வேருக்கு வெளியே ஊற்றும் எதுவும் எட்டாது. ரால்ஸ்டோனியா மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். நூற்புழு குத்திய காயம் வழியாகவும், களை கொத்தும்போது அறுந்த வேர் வழியாகவும் உள்ளே புகும். அந்த நிலத்தில் மறுபடி தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்காமல் ராகியோ சோளமோ போடுவது நல்லது. தக்காளிதான் வேண்டும் என்றால் பெங்களூர் ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனத்தின் ஆர்கா ரக்ஷக் போல இந்த நோயைத் தாங்கும் ரகத்தைப் பார்க்க வேண்டும். கத்தரிக்குச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று வந்துவிட்டது. அப்படிப்பட்ட நாற்றோடு சூடோமோனாஸும் முதல் நாளிலிருந்தே வேரில் இருந்தால் அந்தக் கூட்டு பலன் தரும். சூடோமோனாஸை மட்டும் நம்பி, நோய் ஊறிய மண்ணில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இதைச் சொல்வதால் எனக்கு நாற்று விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை.

வயலில் செய்ய வேண்டியதும் நடவுக்கு முன்னால்தான். ஹெக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து ஈரமான மண்ணில் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். 'மக்கிய' என்ற சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பச்சைச் சாணக் குப்பையின் சூட்டில் பாக்டீரியா வெந்துபோகும். நிலத்தில் மட்கு இல்லை என்றால் அதற்குச் சோறும் இல்லை. வெறும் டிஏபி-யும் யூரியாவும் மட்டுமே கண்ட நிலத்தில் போட்டுவிட்டு அதிசயத்தை எதிர்பார்ப்பது வீண்.

இன்னொன்று. ஒரு கிலோ பொட்டலத்தை வாங்கி 200 லிட்டர் பீப்பாயில் வெல்லம் போட்டுப் பெருக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. செலவு குறைகிறது என்பது புரிகிறது. ஆனால் கிருமி நீக்காத தண்ணீரில், திறந்த பீப்பாயில், வெல்லத்தை முதலில் தின்று பெருகுவது எது என்று யாருக்கும் தெரியாது. மூடிய குடுவையிலேயே வேறு கிருமி புகுந்து நாங்கள் கொட்டியிருக்கிறோம். மனிதர் புண்ணில் சீழ் வைக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் இதே இனம்தான். அதுவும் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கிறது. கை காலில் வெட்டுக்காயத்தோடு அந்தப் பீப்பாயைக் கலக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் பெருக்குவது வேறு கதை, அதைச் செய்யலாம். சூடோமோனாஸை வாங்கிய அளவிலேயே போடுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகமாகப் பாக்டீரியா சாகும் இடம் நாற்று கைமாறும் இடம். நான் மூன்று முறை வேரில் பாக்டீரியா ஏற்றி அனுப்பிய நாற்று, விவசாயி வீட்டு வாசலில் இறங்கியதும் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசலில் முங்கி எழுகிறது. "நட்டதும் காப்பர் ஊத்துங்க" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தாமிரமும் ஸ்ட்ரெப்டோசைக்ளினும் நல்லது கெட்டது பார்க்காமல் பாக்டீரியாவைக் கொல்பவை. நான் செய்தது அவருக்குத் தெரியாது; அவர் செய்வது எனக்குத் தெரியாது. நடுவில் அந்த உயிர் போகிறது. தாமிர மருந்து தெளித்தே ஆக வேண்டிய நோய் வந்தால் தெளியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வேருக்கு மறுபடி சூடோமோனாஸ் கொடுங்கள். எந்தக் காரணமும் இல்லாமல் முதல் நாளே தாமிரத்தில் முக்காதீர்கள்.

இதற்காக என் பண்ணையில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒவ்வொரு சுமை நாற்றோடும் ஒரு சீட்டு போகும். விதைத்த நாள், மஞ்சியில் சேர்த்தது என்ன, எந்த நாளில் எதை வேருக்கு ஊற்றினோம், இன்ன மருந்துகளை இத்தனை நாளுக்கு ஊற்ற வேண்டாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் இருக்கும். படிக்காதவர்களுக்கு ஏற்றுகிறவர்களே வாயால் சொல்லி அனுப்புவார்கள். தாள் செலவு ஒன்றும் பெரிதில்லை. சீட்டு போகத் தொடங்கிய பிறகு விவசாயிகள் போன் செய்து "இத ஊத்தலாமா?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் ஊற்றிவிட்டுத்தான் கேட்பார்கள்.

நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் மற்றவர்களையும் இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நாற்று வாங்குகிற விவசாயிகளும் விலை பேசும்போதே கேளுங்கள்: வேரில் என்ன ஏற்றியிருக்கிறீர்கள், எந்த நாளில் ஏற்றினீர்கள், அந்தப் பொட்டலம் எப்போது தயாரானது? பதில் சொல்லத் தெரியாத பண்ணையில் நாற்று வாங்காதீர்கள்.